தாவரவழி நீர்த்தூய்மை: இயல்வதும் இயலாததும் – சுந்தரபாண்டியம் வட்டார நெசவூர்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மாசுற்ற நீரைத் தாவரங்களைக் கொண்டு தூய்மை செய்யும் முறை, செலவு குறைந்தது, எளியது என்னும் காரணங்களால் சிற்றூர்களுக்கும் பேரூராட்சிகளுக்கும் ஏற்றதாகப் பரிந்துரைக்கப்படுகிறது. ஆயினும் எல்லா மாசுகளையும் தாவரம் ஒரே வகையில் நீக்குவதில்லை. சில மாசுகள் சிதைந்து வளியாக வெளியேறுகின்றன. சில தாவரத்தின் உடலிலும் படுகையிலும் தங்குகின்றன. சில எந்த மாற்றமும் அடையாமல் நீரோடு செல்கின்றன. வீட்டுக் கழிவுநீரும் சாயக் கழிவுநீரும் தோன்றும் நெசவூர்களில் இவ்வேறுபாடு முதன்மை பெறுகிறது. விருதுநகர் மாவட்டம் சுந்தரபாண்டியத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் முன்வைத்து, தாவரவழித் தூய்மையின் செயல்முறையையும் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது. இருவகைக் கழிவுநீரையும் தோன்றுமிடத்திலேயே பிரித்தல் இம்முறையின் வெற்றிக்கு முதல் தேவை என்பது இதன் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: தாவரவழித் தூய்மை, செயற்கை ஈரநிலம், வேர்மண்டலம், சாயக் கழிவுநீர், கரைந்த உப்பு, சுந்தரபாண்டியம்.

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில் பெய்யும் மழையே திருவில்லிபுத்தூர், இராசபாளையம், வத்திராயிருப்புப் பகுதிகளின் நீர்வளத்திற்கு அடிப்படை. மலைச்சரிவின் பெரும்பகுதி 1988 முதல் சாம்பல்நிற அணில் சரணாலயமாகவும், 2021 முதல் திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. அங்கிருந்து இறங்கும் ஓடைகள் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளிலும் தொடர்ச்சியான கண்மாய்களிலும் தேங்கிப் பாசனத்திற்குப் பயன்படுகின்றன. எஞ்சிய நீர் அர்ச்சுனா நதி வழியாக இருக்கன்குடியில் வைப்பாற்றைச் சேர்கிறது. காட்டில் தூய்மையாகப் பிறக்கும் நீர் சமவெளியில் ஊர்களைக் கடக்கும்போதுதான் மாசடைகிறது.

வத்திராயிருப்புப் பகுதியில் அமைந்த சுந்தரபாண்டியம், கைத்தறி நெசவால் அறியப்பட்ட பேரூராட்சி. இதே வட்டாரத்தில் இராசபாளையம் நூற்பாலைகளுக்கும், அதனை அடுத்த சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணி உற்பத்திக்கும் பெயர்பெற்றவை. பஞ்சு நூலாகி, நூல் துணியாகும் வழியில் கஞ்சியிடுதல், வெளுத்தல், சாயம் தோய்த்தல் ஆகியவை நீரின்றி நடைபெறா. எனவே நெசவூர் ஒன்றின் கழிவுநீரைப் பற்றிப் பேசும்போது வீட்டுக் கழிவுநீரை மட்டும் கருதினால் போதாது.

இத்தகைய ஊர்களில் கண்மாய் நிறைந்தால் அதனை அடுத்த கிணறுகளில் நீர் ஊறும். கண்மாயில் கலப்பது கிணற்றில் வெளிப்படும் என்பதும் இதிலிருந்தே பெறப்படும். ஆகவே தாவரத்தால் எந்த மாசு நீங்கும், எது நீங்காது என்பது ஊரின் குடிநீரைப் பற்றிய வினாவாகிறது. கள அளவீட்டு முடிவுகளைத் தருவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அறியப்பட்ட செயல்முறைகளையும் எளிய கணக்கீடுகளையும் கொண்டு அவ்வினாவிற்கு விடை காண முயல்கிறது.

1. தெளிவும் தூய்மையும்

தாவரப் பொருளால் நீரைத் தெளிவிக்கும் அறிவு தமிழருக்குப் புதியதன்று. தேற்றா மரத்தின் விதையைக் கலத்தின் உட்புறத்தில் தேய்த்துக் கலங்கல் நீரைத் தெளிவிக்கும் வழக்கம் கலித்தொகையின் நெய்தற்கலியில் உவமையாக ஆளப்பட்டுள்ளது. தேற்றாங்கொட்டையில் உள்ள பொருள்கள் நீரில் மிதக்கும் நுண்ணிய மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டச்செய்கின்றன. திரண்ட துகள்கள் எடை கூடி அடியில் படிகின்றன. முருங்கை விதையும் இவ்வாறே செயற்படுகிறது.

ஆனால் இம்முறை மிதக்கும் துகள்களையே நீக்கும். நீரில் கரைந்த உப்போ நைட்ரேட்டோ தேற்றாங்கொட்டைக்கு அகப்படுவதில்லை. உப்பு நீரும் தெளிந்தே இருக்கும். தெளிவு கண்ணுக்குப் புலப்படுவது, தூய்மை அவ்வாறன்று. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் (2012) மொத்தக் கரைபொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படாமல் இருத்தல் நன்று என்றும், வேறு நீர் கிடைக்காத நிலையில் 2,000 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும் வரையறுக்கிறது. நைட்ரேட்டின் வரம்பு 45 மில்லிகிராம். குரோமியத்தின் வரம்பு 0.05 மில்லிகிராம். இவ்வளவில் கரைந்துள்ள எதையும் நிறத்தைக் கொண்டு அறிய இயலாது. தாவரவழித் தூய்மையை மதிப்பிடும்போதும் இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும்.

2. தாவரம் செய்யும் பணி யாது?

தாவரங்களைக் கழிவுநீர்த் தூய்மைக்குப் பயன்படுத்தும் அறிவியல் ஆய்வுகளை 1950களில் செருமனியின் மாக்சு பிளாங்கு நிறுவனத்தில் கேத்தே சைடல் தொடங்கினார். 1970களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் மிசிசிப்பி ஆய்வகத்தில் வொல்வர்ட்டன் ஆகாயத்தாமரையைக் கொண்டு இத்தகைய ஆய்வுகளை நிகழ்த்தினார். இவற்றின் தொடர்ச்சியாகவே சரளைப் படுகையில் நாணல், சம்பு, கோரை, கல்வாழை முதலியவற்றை நட்டு, அதன் ஊடே கழிவுநீரை மெல்லச் செலுத்தும் ‘செயற்கை ஈரநிலம்’ வளர்ச்சியடைந்தது.

செடி அழுக்கை ‘உண்டு’ நீரைத் தூய்மையாக்குகிறது என்பது பொதுவான கருத்து. இக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதை ஒரு கணக்கால் அறியலாம். ஒருவர் நாளொன்றுக்குக் கழிவுநீரில் சேர்க்கும் தழைச்சத்து ஏறத்தாழ 10 கிராம். ஆகாயத்தாமரையின் பச்சை எடையில் 90 விழுக்காட்டிற்கு மேல் நீர்தான். 100 கிலோ செடியை உலர்த்தினால் 6 கிலோ அளவே எஞ்சும். அதில் தழைச்சத்து 2 விழுக்காடு எனக் கொண்டால் 120 கிராம். அதாவது 100 கிலோ பச்சைச் செடியை அகற்றினால் ஒருவரின் 12 நாள் தழைச்சத்து மட்டுமே வெளியேறும். 5,000 பேரின் தழைச்சத்து முழுவதையும் அறுவடையால் மட்டுமே நீக்க வேண்டுமாயின், நாள்தோறும் 40 டன்னுக்கு மேல் செடியை வாரி எடுக்க வேண்டியிருக்கும். எந்தப் பேரூராட்சிக்கும் இது இயலாது.

ஆயினும் செயற்கை ஈரநிலங்கள் வெற்றிகரமாக இயங்குகின்றன. அதற்குக் காரணம் வேர்மண்டலத்தில் வாழும் நுண்ணுயிரிகளே. நாணல், சம்பு போன்ற நீர்நிலைத் தாவரங்கள் தம் தண்டில் உள்ள காற்றறைகள் வழியாக ஆக்சிசனை வேருக்குச் செலுத்துகின்றன. அதில் ஒரு சிறு பகுதி வேரைச் சுற்றிக் கசிகிறது. அவ்விடத்தில் ஆக்சிசனை விரும்பும் நுண்ணுயிரிகள் பெருகிக் கரிமப் பொருள்களைச் சிதைக்கின்றன. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. வேரிலிருந்து சற்று விலகிய ஆக்சிசனற்ற இடங்களில் வேறுவகை நுண்ணுயிரிகள் நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரசன் வளியாக வெளியேற்றுகின்றன. சரளைக்கல் துகள்களைத் தடுத்து நிறுத்துகிறது. மணிச்சத்தின் ஒரு பகுதியைத் தன்மேல் பற்றிக்கொள்கிறது. செடியின் தலையாய பணி இந்நுண்ணுயிரிகளுக்கு வாழிடம் அமைத்துத் தருவதும், படுகை அடைபடாமல் வேரோட்டத்தால் காப்பதுமேயாகும்.

3. மாசின் மூவகைப் போக்கு

மேற்கண்ட விளக்கத்தின் அடிப்படையில், ஈரநிலத்திற்குள் நுழையும் மாசுகளை அவை சென்றடையும் இடத்தைக் கொண்டு மூவகைப்படுத்தலாம்.

3.1 சிதைவன: மலக்கழிவு, உணவுக் கழிவு, நூலுக்கு இடப்படும் கஞ்சி ஆகிய கரிமப் பொருள்கள் நுண்ணுயிரிகளால் சிதைந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறுகின்றன. இவற்றின் அளவு உயிர்வேதி ஆக்சிசன் தேவையால் குறிக்கப்படுகிறது. வீட்டுக் கழிவுநீரில் இது பொதுவாக லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்கு 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள் வகுத்த பொது வரம்பு 30 மில்லிகிராம். படிவுத்தொட்டியும் ஈரநிலமும் முறையாக அமைந்தால் இவ்வரம்பை எட்டுதல் இயலும்.

3.2 தங்குவன: குரோமியம், காரீயம், காட்மியம் போன்ற உலோகங்கள் தனிமங்கள் ஆதலின் சிதைவதில்லை, வளியாகி வெளியேறுவதுமில்லை. வேரிலோ தண்டிலோ படுகையிலோ தங்குகின்றன. சில தாவரங்கள் இவற்றை மிகுதியாகத் திரட்டவல்லவை. ஆசிய நாடுகளில் இயல்பாக வளரும் தெரிசு விட்டாட்டா என்னும் பெரணி, ஆர்சனிக்கைத் தன் இலைகளில் பேரளவில் சேர்ப்பதை 2001இல் ஆய்வாளர் கண்டறிந்தனர். ஆகாயத்தாமரையின் வேர், நச்சுமிக்க ஆறிணைதிறக் குரோமியத்தை நச்சுக் குறைந்த மூவிணைதிறக் குரோமியமாக மாற்றவல்லது. ஆயினும் குரோமியம் குரோமியமாகவே இருக்கிறது. அச்செடியை அறுத்து அகற்றாவிடில், அது மட்கும்போது உலோகம் மீண்டும் அதே நீரில் சேரும். அறுத்த செடியைத் தீவனமாகவோ தொழுவுரமாகவோ பயன்படுத்தினால் மாசு வயலுக்கும் பாலுக்கும் இடம்பெயரும். இவ்வகையில் அறுவடையும் அறுவடைக்குப் பிந்திய பாதுகாப்பான அகற்றலும் இல்லையேல் தூய்மை இல்லை.

3.3 செல்வன: சோடியம், குளோரைடு, சல்பேட்டு ஆகிய கரைந்த உப்புகள் மூன்றாம் வகையின. இவற்றை நுண்ணுயிரிகள் சிதைப்பதில்லை. நன்னீர்த் தாவரங்கள் குறிப்பிடத்தக்க அளவில் ஏற்பதுமில்லை. மாறாக, இலை வழியாக நீர் ஆவியாவதால் வெளியேறும் நீரில் உப்பின் செறிவு கூடுதலும் உண்டு. நெசவூருக்கு இதுவே முதன்மையான இடர்.

4. சாயநீரின் உப்பு: ஒரு கணக்கு

பருத்தி நூலுக்கு இடப்படும் வினைச்சாயங்கள் இழையில் ஏறுவதற்குச் சமையல் உப்போ சோடியம் சல்பேட்டோ தேவை. சாயத்தொட்டியில் லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு இடுவது வழக்கம். இழையோடு இணைவது சாயமே. உப்பு முழுவதும் கழிவுநீரில் எஞ்சுகிறது.

உப்பை விரும்பி ஏற்கும் தாவரங்களைக் கொண்டு இதனைத் தீர்க்கலாமே என்னும் வினா எழலாம். கடலோர உப்பு மண்ணில் வளரும் உமரி இவ்வகையைச் சார்ந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உமரி நான்கு மாதங்களில் ஒரு ஹெக்டேர் உவர்நிலத்திலிருந்து ஏறத்தாழ 504 கிலோ சோடியம் குளோரைடை நீக்கவல்லது எனக் கணக்கிட்டனர். உவர்நிலச் சீரமைப்பில் இது மதிப்புமிக்க அளவு.

இதனைச் சாயத்தொட்டியோடு ஒப்பிடுவோம். 1,000 லிட்டர் சாயநீரில் லிட்டருக்கு 50 கிராம் உப்பு எனில் மொத்தம் 50 கிலோ. ஒரு ஹெக்டேர் உமரி நான்கு மாதங்களில் நீக்கும் உப்பு, பத்துத் தொட்டிச் சாயநீரில் அடங்கிவிடும். நாளொன்றுக்கு ஒரு தொட்டி மட்டும் தோய்க்கும் சிறு சாயப்பட்டறைக்கே 12 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 30 ஏக்கர் நிலம் தேவைப்படும். சாயநீரின் உப்பைத் தாவரத்தால் நீக்க எண்ணுதல் நடைமுறைக்கு ஒவ்வாது என்பது இதனால் தெளியப்படும்.

சாயத்தின் நிறம் வேறு வகையின் பாற்படும். அசோ சாயங்களின் நிறத்திற்குக் காரணமான பிணைப்பு ஆக்சிசனற்ற படுகையில் உடைவதால் நீர் நிறமிழக்கிறது. ஆனால் அவ்வாறு உடைந்து தோன்றும் அரோமாட்டிக் அமீன்களுள் சில சாயத்தைவிடக் கேடானவை. அவை சிதைய ஆக்சிசன் மிகுந்த மற்றொரு படுகை வேண்டும். நிறம் நீங்கியது என்பதனால் நஞ்சு நீங்கியது என்று கொள்ளலாகாது. தெளிவும் தூய்மையும் வேறுவேறு என்னும் கருத்து இங்கும் உறுதிப்படுகிறது.

5. தமிழகம் தரும் இருவகைச் சான்றுகள்

உப்பின் வலிமைக்கு நொய்யல் ஆறு சான்று. பாசனத்திற்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில், திருப்பூர்ச் சாய, சலவைப் பட்டறைகளின் கழிவுநீர் தேங்கியது. அணையின் நீரை வயலுக்கு வேண்டா என்று உழவர்களே மறுக்கும் நிலை ஏற்பட்டது. நீண்ட வழக்குகளின் பின் 2011 சனவரி 28இல் சென்னை உயர்நீதிமன்றம், கழிவுநீரை அறவே வெளியேற்றாத நிலையை எய்தாத பட்டறைகளை மூட ஆணையிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் இயக்கத்தை நிறுத்தின. பின்னர் எதிர்ச்சவ்வூடு பரவல், ஆவியாக்கிகள் ஆகியவற்றால் நீரையும் உப்பையும் மீட்கும் வழிக்குத் தொழில் திரும்பியது. ஆற்றங்கரையில் கோரையும் ஆகாயத்தாமரையும் இல்லாமலில்லை; அவற்றால் உப்பைத் தடுக்க இயலவில்லை.

கரிமக் கழிவிற்குத் தாவரம் உதவும் என்பதற்கும் அண்மையிலேயே சான்றுகள் உள்ளன. ஆரோவில் குடியிருப்புகளில் தாவரப் படுகைகள் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கன மீட்டர் கழிவுநீர் படிவுத்தொட்டி, ஆக்சிசனற்ற தடுப்பறைகள், தாவரச் சரளைப் படுகை, திறந்த குளம் என்னும் வரிசையில் தூய்மையாக்கப்பட்டுத் தோட்டத்திற்குப் பயன்படுகிறது. கொல்கத்தாவின் கிழக்கே 12,500 ஹெக்டேர் பரப்பிலுள்ள ஈரநிலங்கள் நகரக் கழிவுநீரைக் கொண்டு மீனும் காய்கறியும் விளைவிக்கின்றன. 2002இல் இவை ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. இவ்விடங்களில் தூய்மையாவது பெரிதும் சிதையும் வகை மாசு என்பது நோக்கத்தக்கது.

6. சுந்தரபாண்டியம் போன்ற நெசவூருக்கான வழி

மேற்கண்டவற்றிலிருந்து நெசவூருக்கான நடைமுறைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவது, பிரித்தல். உப்பு மிகுந்த சாயத்தொட்டி நீர் அளவில் சிறிது; அலசல் நீரும் வீட்டுக் கழிவுநீரும் அளவில் பெரிது. சிறிதளவு உப்புநீர் ஊர்ச் சாக்கடையில் கலந்தால், தூய்மையாகத்தக்க பெருநீர் முழுவதும் உவர்ப்பாகும். சாயநீரைத் தனிக்கலத்தில் சேர்த்து மறுபடியும் தோய்ப்பதற்குப் பயன்படுத்துதல், உப்புக் குறைவாக வேண்டும் சாயங்களைத் தேர்தல், எஞ்சியதைக் கசிவற்ற தளத்தில் வெயிலில் உலர்த்துதல், பொதுச் சாயச்சாலைக்கு அனுப்புதல் ஆகியவை வழிகளாகும். உலர்த்திய உப்பையும் மழைநீர் கரைக்காதவாறு காத்து, முறைப்படி அகற்ற வேண்டும்.

இரண்டாவது, பரப்பு. வெப்ப நாடுகளில் சரளைப் படுகைக்கு ஒருவருக்கு 1 முதல் 2 சதுர மீட்டர் நிலம் போதும் என்பது பொதுவான அளவு. 5,000 பேருக்கு 5,000 முதல் 10,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்றேகால் முதல் இரண்டரை ஏக்கர். ஒருவர் நாளொன்றுக்கு 80 லிட்டர் கழிவுநீர் வெளியேற்றினால் மொத்தம் 400 கன மீட்டர். படுகையின் ஆழம் 0.6 மீட்டர், சரளையின் இடைவெளி 40 விழுக்காடு எனில், நீர் மூன்று முதல் ஆறு நாள் படுகையில் தங்கும். நுண்ணுயிரிகள் பணியாற்ற இக்கால அளவு போதுமானது. நீர் சரளையின் மேல்மட்டத்திற்குக் கீழே ஓடுவதால் கொசுப் பெருக்கமும் நாற்றமும் குறையும்.

மூன்றாவது, இடம். கழிவுநீர் கண்மாயை அடைவதற்கு முன்பே படுகை அமைய வேண்டும். கண்மாயினுள் ஆகாயத்தாமரையைப் பரவவிட்டு அதனைத் தூய்மைப் பணி என்று கருதுதல் தவறு. தென்னமெரிக்காவிலிருந்து வந்த அச்செடி இரண்டு வாரங்களுக்குள் இருமடங்காகப் பெருகவல்லது; வங்காளத்தில் அதனைக் கட்டுப்படுத்த 1936இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. அறுக்கப்படாத ஆகாயத்தாமரை மட்கித் தான் எடுத்ததை நீருக்கே திருப்பித் தருகிறது. நீரின் ஆக்சிசனையும் குறைக்கிறது.

நான்காவது, பராமரிப்பு. படிவுத்தொட்டியின் கசடை அகற்றாவிடில் சில ஆண்டுகளில் சரளை அடைபடும். நாணலையும் கல்வாழையையும் காலமுறையில் அறுக்க வேண்டும். வீட்டுக் கழிவுநீரில் மட்டும் வளர்ந்த செடியை மட்கவைத்து உரமாக்கலாம். சாயநீர் கலந்த படுகையின் செடியைச் சோதிக்காமல் அவ்வாறு செய்தலாகாது. இப்பணிகளுக்கான ஆளும் பணமும் பேரூராட்சியின் ஆண்டுத் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

ஐந்தாவது, அளவிடுதல். படுகைக்குள் நுழையும் நீரிலும் வெளியேறும் நீரிலும் உயிர்வேதி ஆக்சிசன் தேவை, நைட்ரேட்டு, மொத்தக் கரைபொருள் ஆகிய மூன்றையேனும் காலமுறையில் அளக்க வேண்டும். முதலிரண்டும் தாவரப் படுகை இயங்குகிறதா என்பதைக் காட்டும்; மூன்றாவது சாயநீர் எங்கேனும் கலக்கிறதா என்பதைக் காட்டிக்கொடுக்கும். கரைபொருளைக் கையடக்கக் கருவியால் சில நொடிகளில் அளக்கலாம். பள்ளி மாணவரும் இதனைச் செய்ய இயலும்.

முடிவுரை

தாவரவழித் தூய்மையின் ஆற்றல் செடி மட்டுமே தருவதன்று. செடியும் நுண்ணுயிரியும் சரளையும் சேர்ந்த அமைப்பு தருவது. அவ்வமைப்பு கரிமக் கழிவைச் சிதைக்கும், உலோகத்தைச் செடியிலும் படுகையிலும் தேக்கும், உப்பைத் தடுக்காது. ஆகவே எந்தச் செடியை நடலாம் என்னும் வினாவிற்கு முன், எந்த மாசு எங்குச் சென்று சேரும் என்னும் வினா எழுப்பப்பட வேண்டும்.

நெசவும் வீடும் ஒரே தெருவில் அமைந்த சுந்தரபாண்டியம் போன்ற ஊர்களுக்கு இம்முறை ஏற்றதே. இரண்டரை ஏக்கருக்குட்பட்ட நிலத்தில் 5,000 பேரின் வீட்டுக் கழிவுநீரைக் கண்மாய்க்கு ஏற்ற நிலைக்குக் கொணர இயலும். ஆனால் சாயநீர் அதனோடு கலந்துவிட்டால் எத்துணை ஏக்கர் நாணலும் கிணற்றின் உவர்ப்பைத் தடுக்காது. பிரிக்கும் வாய்க்கால் முதலில் அமைந்து, அதன்பின் நாணல் நடப்படுமாயின், மலையிலிருந்து வந்த நீரின் இயல்பு ஊரைக் கடந்த பின்னும் பெருமளவு காக்கப்படும்.